கடைசி மரத்து மங்கு

ரப்பர் பால் பிடிக்கும் அந்த மங்குக் கிண்ணத்தைக் கொண்டுவந்து ஆபீஸ் மேசைமேல் வைத்தபோது அங்கே இருந்தவர்கள்:

தோட்டத்துத் துரை, தன் நாற்காலியில்.
டவுனிலிருந்து ஜீப்பில் வந்த வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரி, சன்னலோரம் நின்றபடி.
அவர் பேசுவதைத் தமிழில் சொல்ல, ஆபீஸ் கணக்கரான பெரிய கிராணி.
மங்கைக் கண்டெடுத்த, வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் தர்மலிங்கம்.
கம்பி வேலி வாசலில் ஆண்களைச் சோதிக்கும் மலாய்க் காவலர், கோப்ரல் டாவுட்.
அதே வாசலில் பெண்களைச் சோதிக்கும் மருதம்மாள்.
பால் வெட்டும் ராக்காயி.
அவள் புருஷன் பக்கிரிசாமி. வயிறு இல்லாதவன்.

வயிறு இல்லாதவன் என்பது ஏச்சு இல்லை. அந்த வருஷம், ஐம்பத்தாறில், ஜூன் மாதம் பினாங்கில் அவனை அறுத்து, புற்றுக் கட்டியோடு இரைப்பையையும் எடுத்துவிட்டுக் குடலை மேலே இழுத்துத் தைத்திருந்தார்கள். தையல் நெஞ்செலும்புக்குக் கீழே தொடங்கித் தொப்புளைச் சுற்றிக்கொண்டு இறங்கியது. அப்போது அவனுக்கு நாற்பத்து நான்கு வயது.

அறுத்த டாக்டர் சீனர். சீமையில் படித்துவிட்டு வந்தவர். அவர் சொன்னதை பிரேமாவதி என்ற நர்சு தமிழில் சொன்னாள்.

"மாமா, நல்லாக் கேட்டுக்கங்க. கண்ணுக்குத் தெரிஞ்சத டாக்டர் வெட்டி எடுத்துட்டாரு. தெரியாதது உள்ள கெடக்கலாம். அதுக்குத்தான் புதுசா ஒரு ஊசி வந்திருக்கு. ரெண்டு வாரத்துக்கு ஒரு செவ்வாக்கெழம. மொத்தம் ஆறு. வாந்தி வரும். முடி கொட்டும்."

"கொட்டட்டும் மிஸ்ஸி. பேன் தொல்ல விட்டுச்சு."

"சிரிக்காதீங்க. சோறுதான் முக்கியம். ஒங்களுக்கு இப்பச் சோறு தங்குற பை இல்ல, வெறும் கொழாதான். ஒரு தட்டு சாப்பிட்டா வேர்த்து மயங்கி விழுவீங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருவாட்டி நாலு வாய். நாலே வாய். விளங்குதா அத்தே?"

ராக்காயி தலையை ஆட்டினாள்.

"ஒவ்வொரு வாட்டியும் நிறுத்துப் பாப்பாங்க. இப்பத் தொண்ணூத்தெட்டு ராத்தல். தொண்ணூறுக்குக் கீழ போனா ஒடம்பு தாங்காது, ஊசி போட மாட்டாங்க. அவ்ளோதான்."

"அவ்ளோதான்னா?"

பிரேமாவதி நிறுவைக் கருவியைப் பார்த்தாள். "அவ்ளோதான் அத்தே."

எட்டாங் கட்டைத் தோட்டத்தில் அந்த வருஷம் யார் வீட்டிலும் சோறு வேகவில்லை. காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போகக் கூடாது என்று சட்டம். அரிசியெல்லாம் ஆபீசுக்குப் பின்னால் கட்டிய பொதுச் சமையல் கொட்டகைக்குப் போனது. விடிகாலை ஐந்து மணிக்கும் பகல் மூன்று மணிக்கும் தட்டோடு வரிசையில் நின்றால், கார்டைப் பார்த்துச் சோறு போடுவார்கள். வெந்த சோறு மறுநாள் புளித்துவிடும், காட்டில் சேர்த்துவைக்க ஆகாது என்று கணக்கு. கூலிகள் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி இரண்டு வரிசை முள்கம்பி. கம்பிக்குள் எங்கே வேண்டுமானாலும் உட்கார்ந்து தின்னலாம். வாசலைத் தாண்டி ஒரு பிஸ்கோத்துக்கூடப் போகக் கூடாது.

பால் வெட்டு வாசலுக்கு வெளியே. காலை ஆறு மணிக்குப் போனால் ஒன்றரைக்குத்தான் திரும்பலாம். பச்சைத் தண்ணீர் மட்டும் கொண்டுபோகலாம்.

மற்றவர்கள் ஐந்து மணிக்கே வயிறு முட்டத் தின்றுவிட்டுப் போனார்கள். பக்கிரிசாமியால் அது முடியாது. வீட்டில் இருந்துகொள்ளவும் முடியாது. எட்டு வாரம் சிக்கு லீவு முடிந்ததும் கிராணி அவனைக் கூப்பிட்டனுப்பினார்.

"பக்கிரி, ஒன் பேரு செக்ரோல்ல இருக்கிற வரைக்கும்தான் தோட்டம் ஆஸ்பத்திரிக்குக் கடுதாசி குடுக்கும். வேலைக்கு வந்தா நீ நம்ம ஆளு. வரலேன்னா நீ யாரு? தொரை யாருக்குக் கையெழுத்துப் போடுவாரு?"

"உளி புடிக்க முடியாதுங்க. கை நடுங்குது."

"வெட்டச் சொல்லல. ஒன் பெண்டாட்டி நெரையில ஒட்டுப்பால் பொறுக்கு. மங்கு கழுவு. காலையில ஆளு எண்ணுற பெரட்டுல ஒன் மூஞ்சி தெரியணும், அவ்வளவுதான்."

கடிதம் வேண்டுமென்றால் வேலைக்குப் போக வேண்டும். வேலைக்குப் போனால் ஏழரை மணி நேரம் பட்டினி. முதல் ஊசிக்குப் பிறகு அவன் கைநரம்பு கறுத்துக் கயிறு மாதிரி இறுகிப்போனது. இரண்டாவது ஊசி அன்று நிறுத்தபோது தொண்ணூற்றைந்து.

அன்றைக்குப் பினாங்கிலிருந்து திரும்பும் வழியில், பெர்ரியில், ராக்காயி விரல்விட்டு எண்ணினாள். இன்னும் நாலு ஊசி. கையில் இருப்பது ஐந்து ராத்தல்.

"போதாது" என்றாள்.

"என்னா போதாது?"

"ஒண்ணுமில்ல. அந்தப் பக்கம் காத்து அடிக்குது, உள்ள வந்து ஒக்காருங்க."

மறுநாள் ஐந்து மணிக்குத் தன் தட்டில் விழுந்த சோற்றில் பாதியை எடுத்துச் சுடுதண்ணீர் விட்டுப் பிசைந்து, துணியில் வடிகட்டினாள். வெள்ளையாகக் கஞ்சி இறங்கியது. மழைக்காலத்தில் பால் மங்கிலேயே உறைந்துவிடாமல் இருக்க வெட்டுக்காரர்கள் அமோனியாத் தண்ணீர் கொண்டுபோவார்கள். ஆளுக்கு ஒரு போத்தல், வெட்டும் மர வரிசையான நிரை பெரியது என்றால் இரண்டு. ராக்காயியின் நிரை பெரியது. இரண்டாவது போத்தலில் கஞ்சியை ஊற்றினாள். துணி அடைப்பானை அமோனியாவில் நனைத்துச் செருகினாள்.

வாசலில் பெண்களைச் சோதிக்க ஒரு நீப்பாக் கீற்றுக் குடிசை. உள்ளே மருதம்மாள். ராக்காயி வீட்டுக்கு அடுத்த கதவு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே பலகைச் சுவர், ஒரு வீட்டில் இருமினால் இன்னொரு வீட்டில் கேட்கும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மருதம்மாளின் புருஷன் செத்தபோது துரை அவளுக்கு இந்த வேலையைக் கொடுத்தார். பெண்கள் அவளோடு பேசுவதைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார்கள்.

அவள் ராக்காயியின் கொண்டையை அவிழ்த்துப் பார்த்தாள். இடுப்பைத் தடவினாள். வாளியைக் கவிழ்த்தாள். முதல் போத்தலை மோந்தாள். இரண்டாவதின் அடைப்பானைப் பிடுங்கினாள். நெடி ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்தது. போத்தலைச் சாய்த்தாள். உள்ளே இருந்தது மெதுவாக நகர்ந்தது.

"ஏண்டி ராக்காயி, ஒன் அமோனியா ரொம்பக் கெட்டியா இருக்கே லா."

"மழைக்காலம்க்கா."

"ம். மழைக்காலம்."

அடைப்பானைச் செருகி, போத்தலைத் திருப்பிக் கொடுத்தாள். "அடுத்த ஆளு வா. நின்னு கத பேசாத" என்று வெளியே பார்த்துக் கத்தினாள். பக்கத்துத் தோட்டத்தில் இரண்டு பிடி அரிசியைக் கண்டும் விட்ட சோதனைக்காரியைப் பிடித்துக்கொண்டுபோய், அதற்குள் ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. இன்னும் விடவில்லை.

பால் வெட்டில் நின்று பார்க்க நேரம் கிடையாது. வெயில் ஏறினால் பால் நின்றுவிடும். ராக்காயி மரத்துக்கு மரம் ஓடுவாள். உளியை வைத்து ஒரு இழுப்பு, வழியும் பால் விழும்படி மங்கை நிமிர்த்திவைப்பது, அடுத்த மரம். பக்கிரிசாமி கூடையும் கஞ்சிப் போத்தலுமாகப் பின்னால் வருவான். முந்தாநாள் வெட்டில் காய்ந்த ஒட்டுப்பாலைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே, நிரையின் கடைசிவரை போவான். கடைசி மரத்துக்கு அந்தப் பக்கம் ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் காடு. மண்டோர் அவ்வளவு தூரம் நடக்க மாட்டார். அங்கே உட்கார்ந்து குடிக்க வேண்டும் என்று பேச்சு.

நாலு நாள் குடித்தான். ஐந்தாம் நாள் அடைப்பானைப் பிடுங்கியதும் ஊசி மருந்தின் குமட்டலும் அமோனியா நெடியும் ஒன்றாக ஏறின. குடித்தது அப்படியே வெளியே வந்தது. குடிக்காததும் உள்ளே இருந்து வருவது மாதிரி இருந்தது. அவன் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். போத்தலில் முக்கால்வாசி மீதி இருந்தது.

திருப்பிக் கொண்டுபோனால் அவள் பார்ப்பாள். தரையில் ஊற்றலாம். சருகின்மேல் வெள்ளையாகத் தெரியும் என்பதற்காக மட்டும் அவன் தயங்கவில்லை. சோற்றைத் தரையில் கொட்டி, அதன்மேல் காலை வைத்து மண்ணைத் தள்ள வேண்டும். அவனுக்குக் கால் வரவில்லை. பால் மங்கிலும் ஊற்ற முடியாது. பாலில் வேறெதையாவது கலப்பது வெட்டுக்காரன் செய்யும் காரியம் இல்லை. பதினெட்டு வயதிலிருந்து வெட்டுகிறான், ஒரு சொட்டுத் தண்ணீர் கலந்தவன் இல்லை.

கடைசி மரம் பட்டை காய்ந்து வெட்டாமல் விட்ட மரம். அதன் கம்பியில் பழைய மங்கு ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அதை நிமிர்த்திக் கஞ்சியை ஊற்றினான். வெள்ளை மங்கில் வெள்ளை. பால் மாதிரித்தான் இருந்தது. பின்னேரம் மழை வந்து கழுவிவிடும் என்று நினைத்தான். மழை வந்தது. கழுவிவிட்டது.

அதன்பிறகு தினமும் அப்படியே.

"குடிச்சீங்களா?"

"குடிச்சேன்."

"முழுசா?"

காலிப் போத்தலைக் காட்டுவான். அவள் வாங்கி ஒருமுறை கவிழ்த்துப் பார்த்து, துணியில் சுற்றிக்கொள்வாள். அந்த ஒரு நேரத்தில்தான் அவள் முகம் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.

மூன்றாவது ஊசி அன்று நிறுவைக் கருவியின் முள் தொண்ணூற்றொன்றில் நின்றது.

"என்னா அத்தே, சாப்பாடு குடுக்கிறீங்களா இல்லியா?" என்றாள் பிரேமாவதி.

"குடுக்குறேன் மிஸ்ஸி. ரெண்டு மணிக்கு ஒருவாட்டி. வேலைக்காட்டுலகூட."

"அப்புறம் எப்புடி எறங்குது?"

ராக்காயி புருஷனைப் பார்த்தாள். பக்கிரிசாமி சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தான்.

"கஞ்சி தண்ணியா இருக்கு போல" என்று அவளே பதில் சொல்லிக்கொண்டாள். "வடிகட்டுறேன்ல, சத்தெல்லாம் துணியில நின்னுருது."

மறுநாளிலிருந்து வடிகட்டவில்லை. தன் பங்கில் முக்கால்வாசியைக் கையால் மசித்துப் போட்டாள். போத்தல் வாய்க்குள் விரலை விட்டுத் தள்ளினாள். மசியாத பருக்கைகளும் சேர்ந்து இறங்கின. அவளுடைய ரவிக்கைக் கை தொளதொளக்கத் தொடங்கியது. மருதம்மாள் இடுப்பைத் தடவும்போது, "எலும்புதான்டி கையில தட்டுது. ஒனக்கும் ஊசி போடுறாங்களா?" என்று கேட்டாள்.

பத்து நாள் போனது. கடைசி நாலு நாள் மழை இல்லை.

சனிக்கிழமை காலை மண்டோர் தர்மலிங்கம் ஓடைக்கரைக்குப் போனார். யாரையும் பிடிக்கப் போகவில்லை. வயிற்றுப்போக்கு. ஒதுங்கிய இடத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தபோது காய்ந்த மரத்தில் நிமிர்ந்த மங்கு தெரிந்தது. மங்கின் விளிம்பெல்லாம் எறும்பு. பாலுக்கு எறும்பு வராது. கிட்டப்போய்ப் பார்த்தார். புளித்த சோறு. பருக்கை பருக்கையாக. காட்டைப் பார்த்தபடி.

அவருக்கும் குழந்தை குட்டி இருந்தது. பார்த்துவிட்டுச் சொல்லாமல் இருந்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். மங்கைக் கம்பியிலிருந்து கழற்றி, எறும்போடு தூக்கிக்கொண்டு ஆபீசுக்கு நடந்தார்.

அப்படித்தான் அந்த மங்கு மேசைக்கு வந்தது.

வெள்ளைக்கார அதிகாரி இங்கிலீசில் கேட்டார். கிராணி சொன்னார்.

"யாரு நெரை இது?"

"முப்பத்தேழாம் நெரைங்க" என்றார் தர்மலிங்கம். "ராக்காயி."

"காட்டுல இருக்கிறவனுக்கு எத்தன நாளா சோறு வைக்கிற? அவன் பேரு என்னா? எத்தன பேரு வரான்?"

ராக்காயி மங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் புரியவில்லை. அது தன் சோறு என்று தெரிந்தது. அது ஏன் அங்கே இருக்கிறது என்றுதான் தெரியவில்லை.

"வாசலத் தாண்டி எப்புடிக் கொண்டு போன? சொல்லு. பொம்பளைங்களச் சோதிக்கிறது யாரு?"

மருதம்மாள் கதவோரம் நின்றாள். அவள் கை முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டே இருந்தது. ராக்காயி வாயைத் திறந்தாள்.

"நான்தாங்க கொண்டு போனேன்" என்றான் பக்கிரிசாமி.

எல்லோரும் திரும்பினார்கள். அவன் சட்டையைத் தூக்கினான். தையல்மேல் சுற்றியிருந்த துணிக்கட்டைக் காட்டினான்.

"இதுக்குள்ள வச்சுக் கொண்டு போனேன். சின்னப் போத்தல்ல. துவான் டாவுட் இந்த எடத்துல கை வைக்க மாட்டாரு. புண்ணுன்னு விட்டுருவாரு."

கிராணி சொன்னார். அதிகாரி டாவுட்டைப் பார்த்தார். டாவுட் தரையைப் பார்த்தார். அவர் அந்த இடத்தில் கை வைத்ததில்லை என்பது உண்மை.

"யாருக்குக் கொண்டு போன?"

"எனக்குத்தாங்க. டாக்டர் ரெண்டு மணிக்கு ஒருவாட்டி சாப்பிடச் சொல்லியிருக்காரு."

"அப்புறம் ஏன் மங்குல இருக்கு?"

"குடிக்க முடியல. வாந்தி வருது. ஊசி போட்டதுலேர்ந்து எதோட வாடையும் ஆவ மாட்டேங்குது."

அதிகாரி சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. நிதானமாகப் பேசினார். கிராணி அதே நிதானத்தோடு சொன்னார். "போலீஸ் தொரை என்னா கேக்குறாருன்னா, சட்டத்த மீறி, உயிரப் பணயம் வச்சு ஒருத்தன் சோறு கடத்துறான். அப்புறம் அதக் குடிக்காம, காட்டோரமா, நல்லா நிமித்தி வச்ச மங்குல ஊத்துறான். தரையில கொட்டியிருக்கலாமே. ஏன் கொட்டல?"

பக்கிரிசாமி யோசித்தான்.

"சோறுங்க" என்றான்.

கிராணி அதை எப்படிச் சொல்வது என்று கொஞ்சம் தடுமாறி, பிறகு ஒரே ஒரு இங்கிலீஸ் வார்த்தையில் சொன்னார். அதிகாரி நோட்டுப் புத்தகத்தை மூடினார். துரை கடிகாரத்தைப் பார்த்தார்.

ராக்காயி புருஷன் பக்கம் திரும்பினாள்.

"எத்தன நாளா?"

அவன் சட்டையை இறக்கிவிட்டான்.

"இந்தாய்யா, ஒன்னத்தான். எத்தன நாளா?"

"மொத நாலு நாளு குடிச்சேன்."

அவள் விரல்கள் தானாக எண்ணத் தொடங்கின. இரண்டாவது ஊசியிலிருந்து மூன்று வாரத்துக்கு மேல். எண்ணி முடித்ததும் கையைத் தொங்கவிட்டாள். முந்தானையை எடுத்து மேசைமேல் ஊர்ந்துகொண்டிருந்த எறும்பு ஒன்றைத் தட்டிவிட்டாள்.

"சொல்லியிருந்தா ரசத்தக் கரைச்சுக் குடுத்திருப்பேன்ல" என்றாள்.

பக்கிரிசாமியை ஏற்றிக்கொண்டு ஜீப் வாசலைத் தாண்டும்போது மூன்று மணி. சமையல் கொட்டகையில் வரிசை நின்றிருந்தது. ராக்காயி இரண்டு தட்டோடு நின்றாள். முன்னால் போனதும் சோறு போடுகிறவன் இரண்டாவது தட்டைத் திருப்பிக் கொடுத்தான்.

"பக்கிரிசாமி கார்டு இன்னைக்கு இல்லக்கா. கிராணி சொல்லிட்டாரு."

பின்னால் நின்ற மருதம்மாள் தன் தட்டிலிருந்து ஒரு பிடி அள்ளி ராக்காயி தட்டில் போட்டாள். ராக்காயி காலித் தட்டை அடியில் வைத்துக்கொண்டாள். சுவரோரம் உட்கார்ந்து முழுத் தட்டையும் தின்றாள்.

டவுன் போலீஸ் ஸ்டேசனில் பக்கிரிசாமியிடம் பெயர் கேட்டு எழுதினார்கள். இடுப்புக் கயிற்றை அவிழ்த்து வாங்கிக்கொண்டார்கள். வயிற்றுத் துணிக்கட்டையும் அவிழ்க்கச் சொன்னார்கள். தையலைப் பார்த்துவிட்டு, சரி, அதைக் கட்டிக்கொள் என்றார்கள். அப்துல் சமது என்ற தமிழ் பேசும் கான்ஸ்டபிள் அவனைப் பின்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அறையில் ஒரு பலகை, ஒரு வாளி, உயரத்தில் ஒரு சன்னல். வெயில் இன்னும் இறங்கவில்லை.

சமது ஒரு பீங்கான் தட்டில் சோறு கொண்டுவந்தார். பருப்புக் குழம்பு, ஒரு துண்டு மீன். தட்டு நிறைய இருந்தது.

"சாப்புடுங்கண்ணே."

பக்கிரிசாமி தட்டை மோந்து பார்த்தான். குமட்டவில்லை. சோற்று வாடைதான். நாலு வாய் எடுத்தான். மெதுவாக மென்றான். நிறுத்தினான்.

"என்னாண்ணே, நல்லா இல்லியா?"

"நல்லாத்தான் இருக்கு தம்பி. எனக்கு ரெண்டு மணிக்கு ஒருவாட்டி நாலு வாய்தான். வயிறு கெடையாது."

சமது அவன் வயிற்றைப் பார்த்தார். வயிறு இருக்க வேண்டிய இடத்தில் சட்டை உள்ளே போயிருந்தது.

"இத இங்கேயே வச்சுக்கலாமா?"

"எத?"

"தட்ட. சோத்தோட."

"வச்சுக்குங்க. இங்க யாரு எடுக்கப் போறா?"

"யாரும் கேக்க மாட்டாங்களா?"

"சோத்துக்கா?" சமது சிரித்தார். "இது லாக்கப்பு லா அண்ணே. ராத்திரிக்கும் ஒரு தட்டு வரும். காலையில பசியாற ரொட்டியும் கோப்பியும் வரும். எத்தன வாய் வேணும்னாலும் தின்னுங்க."

பக்கிரிசாமி தட்டைப் பலகையின் சுவரோரத்துக்குத் தள்ளினான். தகரக் குவளையைச் சோற்றின்மேல் கவிழ்த்து ஈ வராமல் மூடினான்.

"தம்பி, செவ்வாக்கெழம நான் பினாங்குக்குப் போவணும். நாலாவது ஊசி. போன வாட்டி தொண்ணூத்தொண்ணு இருந்தேன்."

"அத இன்ஸ்பெக்டர்தான் சொல்லணும். இன்னைக்குச் சனி. அவரு திங்கக்கெழமதான் வருவாரு."

"அப்பக் கேட்டுச் சொல்லுறீங்களா?"

"கேக்குறேன்."

"இப்ப மணி என்னா?"

"அஞ்சு."

"ஏழு மணிக்கு ஒரு சத்தம் குடுங்க. எனக்கு நேரம் தெரியாது."

சமது மூடிவைத்த தட்டை ஒருமுறை பார்த்தார். வெளியே போய் இரும்புக் கதவை இழுத்துச் சாத்தி, சாவியை இரண்டு முறை திருப்பினார்.